உடைமைப் படியும் உரிமப் படியும்: இணைய இசைச்சேவைக் காலத்தில் ஒலிப்பதிவு என்னும் ஆய்வுமூலம்

ஆய்வுச் சுருக்கம்

இசைத்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு ஆகியவற்றை விலைகொடுத்து வாங்கி வைத்துக்கொண்ட நிலை மாறி, சந்தா செலுத்தியோ விளம்பரம் கேட்டோ இணையத்தின்வழிப் பாடல்களைக் கேட்கும் நிலை இன்று பரவியுள்ளது. இம்மாற்றம் இசைச்சுவைஞரை மட்டும் பாதிப்பதன்று. நாடகப் பாடல், திரைப்பாடல், பக்திப் பாடல், நாட்டுப்புறப் பாடல் ஆகியவற்றை ஆய்வுமூலங்களாகக் கொள்ளும் தமிழாய்வையும் பாதிக்கிறது. சுவடிப் பதிப்பு மரபில் வழங்கும் ‘படி’ என்னும் கருத்தைத் துணையாகக் கொண்டு, உடைமையாக உள்ள படிக்கும் உரிமத்தால் கிடைக்கும் படிக்கும் இடையிலான வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. ஆய்வாளரும் தமிழ்த்துறைகளும் மேற்கொள்ளத்தக்க சில நடைமுறைகளையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஒலிப்பதிவு, இசைத்தட்டு, படி, உடைமை, உரிமம், பாடவேறுபாடு, பதிப்புரிமை.

முன்னுரை

தமிழ்த் திரைப்பாடல்கள் குறித்த இளமுனைவர் பட்ட ஆய்வேட்டில் இக்கட்டுரையாளர் பல பாடல்களுக்கு இணைய இசைச்சேவையொன்றின் முகவரிகளையே சான்றாகத் தந்திருந்தார். முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு அவற்றை மீண்டும் நாடியபோது சில முகவரிகள் திறக்கவில்லை. திறந்தவற்றுள் ஒன்றில் முன்னர்க் கேட்ட பதிவு இல்லை. அதே பாடலின் பிற்காலப் பதிவு இருந்தது. ஆய்வேட்டில் எழுதிய விளக்கம் முன்னைய பதிவுக்கு உரியது. அதனைச் சரிபார்க்க விரும்பும் பிறிதோர் ஆய்வாளருக்குக் கிடைப்பதோ பின்னைய பதிவு. சான்று காட்டியும் சான்று இல்லாத நிலை இது.

அச்சு நூலை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் பதிப்பையும் ஆண்டையும் பக்க எண்ணையும் தருவார். அந்நூல் சந்தையில் கிடைக்காமற் போயினும் ஏதேனும் ஒரு நூலகத்தில் அதன் படி இருக்கும். ஒலிப்பதிவுக்கு இத்தகைய உறுதி உண்டா என்னும் வினாவே இக்கட்டுரையின் தொடக்கப்புள்ளி.

படி என்னும் கருத்து

பழந்தமிழ் நூல்கள் நிலைபெற்றமைக்குக் காரணம் அவற்றின் மூலம் ஓரிடத்தில் காக்கப்பட்டமை அன்று. படிகள் பல இடங்களில் பரவியிருந்தமையே. உ.வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டு சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் இருந்த ஏட்டுப் படிகளைத் தேடித் தொகுத்து ஒப்புநோக்கினார். ஒரு படியில் சிதைந்த அடி மற்றொரு படியில் முழுமையாகக் கிடைத்தது. படிகள் வேறுபட்ட இடங்களைப் பாடவேறுபாடுகளாகக் குறிக்க முடிந்தது. சுவடியை வைத்திருந்தவர் அதனைப் படித்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தம் உடைமை என்று பரணில் வைத்திருந்ததே போதுமானதாயிற்று.

எமிலி பெர்லினர் கிராமபோனுக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதும் அதே 1887ஆம் ஆண்டில்தான். எடிசனின் உருளைக் கருவிக்கு மாறாகப் பெர்லினரின் தட்டு முறை, ஒரே அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான படிகள் எடுக்க வழிவகுத்தது. அவ்வகையில் ஒலிக்கும் ‘படி’ என்னும் நிலை வாய்த்தது. இசைத்தட்டை வாங்கியவர் பாடலின் உரிமையாளர் ஆகிவிடவில்லை. ஆயினும் அப்பாடலின் ஒரு படிக்கு உடைமையாளர் ஆனார்.

இசைத்தட்டு முதல் குறுந்தகடு வரை

இந்தியாவில் வணிக ஒலிப்பதிவு 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கியது. 1908ஆம் ஆண்டு அந்நகரிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை அமைந்தது. தட்டின் மூலப்பொருள்களுள் முதன்மையானது அரக்கு. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கியது. நாடக மேடையில் நெடுநேரம் விரித்துப் பாடப்பட்ட பாடல்கள் இவ்வளவுக்குள் சுருக்கப்பட்டன. சுருங்காதவை இரு பக்கங்களுக்குப் பகுக்கப்பட்டன. எஸ்.ஜி. கிட்டப்பா, கே.பி. சுந்தராம்பாள் ஆகியோரின் நாடக இசையை இன்று நாம் அறிவது பெரும்பாலும் இத்தட்டுகளின் வழியேயாகும். கிட்டப்பா 1933ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய குரலைக் காத்தவற்றுள், வெளியிட்ட நிறுவனங்களின் கிடங்குகளைவிடத் தட்டுகளை வாங்கி வைத்திருந்தோரின் இல்லங்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

தட்டின் உடைமையாளர் எல்லாரும் செல்வர் அல்லர். சிற்றூர்களில் திருமணத்திற்கும் கோயில் கொடைக்கும் ஒலிபெருக்கி கட்டிய ‘மைக் செட்’காரர்களே பெருந்தொகுப்புகளை வைத்திருந்தனர். ‘திருவிளையாடல்’ போன்ற படங்களின் கதை வசனத் தட்டுகள் அவர்கள்வழியே ஊர்முழுதும் ஒலித்தன. சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய நூல்களோடு பழைய தட்டுகளும் கைமாறின. 1985ஆம் ஆண்டு நேர்ந்த தீவிபத்து வரை தேடுவோர் அங்குத் தேடியதைப் பெற வாய்ப்பிருந்தது. வாங்கிய தட்டை இரவல் தரலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். இக்கைம்மாற்றமே அவற்றை ஆவணம் ஆக்கியது.

பிலிப்ஸ் நிறுவனம் 1963ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஒலிநாடாப் பேழை 1980களில் தமிழகமெங்கும் பரவியது. பதிவுக் கூடங்களில் பாடற் பட்டியலைக் கொடுத்து வெற்று நாடாவில் பதிவு செய்துகொள்ளும் வழக்கம் தோன்றியது. சட்ட நோக்கில் இது ஐயத்திற்குரியதாயினும், ஒவ்வொருவரும் தமக்கென ஒரு திரட்டினை உருவாக்கிக்கொண்டனர் என்பது கருதத்தக்கது. குறைந்த முதலீட்டில் நாடா வெளியிட முடிந்தமையால் ஊர்த்தெய்வப் பாடல், ஒப்பாரி, வில்லுப்பாட்டு, இசுலாமியப் பாடல் ஆகியவையும் பதிவுபெற்றன. 1982ஆம் ஆண்டு சந்தைக்கு வந்த குறுந்தகடும் விலைக்கு வாங்கும் படியாகவே அமைந்தது. வடிவம் மாறினும் வாங்கியவர் கையில் ஒரு படி தங்கியது என்பது இம்மூன்றுக்கும் பொதுவானது.

உரிமத்தால் கேட்டல்

ஸ்ட்ரீமிங் எனப்படும் இணைய இசைச்சேவையில் கேட்பவர் கையில் படி எதுவும் தங்குவதில்லை. பாடல் வழங்கியில் இருக்கிறது. கேட்கும் பொழுது மட்டும் அதன் ஒலித்தரவு கருவிக்கு வந்து செல்கிறது. ‘பதிவிறக்கம்’ என்று சேவைகள் கூறுவதும் வேறன்று. இறக்கிய கோப்பு மறைகுறியாக்கப்பட்டது. அச்செயலியில் மட்டுமே ஒலிக்கும். ஸ்பாட்டிஃபையில் 30 நாள்களுக்கு ஒருமுறையேனும் இணையத்தில் இணைந்தால்தான் அக்கோப்பு தொடர்ந்து இயங்கும். சந்தா நின்றால் இறக்கியவையும் நின்றுவிடும். கேட்பவர் பெறுவது உடைமை அன்று, நிபந்தனைக்குட்பட்ட உரிமம்.

இவ்வுரிமம் இரண்டு உடன்பாடுகளைச் சார்ந்தது. ஒன்று கேட்பவருக்கும் சேவைக்கும் இடையிலானது. மற்றொன்று சேவைக்கும் பாடலுரிமை பெற்ற நிறுவனத்திற்கும் இடையிலானது. இரண்டாவது உடன்பாட்டில் கேட்பவருக்குப் பங்கில்லை. ஆயினும் அது முறிந்தால் இழப்பவர் அவரே. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவில் தன் சேவையைத் தொடங்கியது. எச்.எம்.வி. முத்திரையில் வெளியான பழைய பதிவுகளின் உரிமையைக் கொண்ட சரிகம நிறுவனத்துடன் உடன்பாடு எட்டப்படாமையால், வழக்கினை அடுத்து அந்நிறுவனத்தின் பாடல்களை அது நீக்க நேர்ந்தது. 2020ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவை மீண்டும் கிடைத்தன. இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்த் திரையிசையின் பெரும்பகுதி அம்முத்திரையில் வெளியானது என்பதை நினைந்தால் இவ்விடைவெளியின் அளவு விளங்கும்.

சேவையே முடிவுறுவதும் உண்டு. ரெஸ்ஸோ 2024 ஜனவரியுடன் இந்தியாவில் நின்றது. ஏர்டெல் நிறுவனத்தின் விங்க் மியூசிக் மூடப்படுவதாக அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பாடல்கள் வேறு சேவைகளில் கிடைக்கலாம். ஆனால் அச்சேவைகளில் பயனர்கள் ஆண்டுக்கணக்கில் தொகுத்த வரிசைகளும், அவற்றைச் சுட்டி எழுதிய குறிப்புகளும் பயனிழக்கின்றன. மைஸ்பேஸ் தளத்தில் 2015 வரை ஏற்றப்பட்ட இசைக்கோப்புகள், வழங்கி மாற்றத்தின்போது இழக்கப்பட்டதாக 2019ஆம் ஆண்டு தெரியவந்தது. தனிக்கலைஞர் பலர் வேறு படி வைத்திராமல் அத்தளத்தையே நம்பியிருந்தனர்.

பாடலுரிமையும் படியுடைமையும்

பாடலுக்கு யார் உரியவர் என்பதும் பாடலின் படி யாரிடம் உள்ளது என்பதும் வெவ்வேறு வினாக்கள். இவ்வேறுபாட்டைத் தமிழுலகம் நன்கறிந்த ஒரு நிகழ்வு தெளிவுபடுத்தும். பாரதியாரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை 1940களில் ஏ.வி. மெய்யப்பன் வசம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ திரைப்படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியதை ஒட்டிச் சிக்கல் எழுந்தது. பாரதி பாடல்கள் பொதுவுடைமையாக வேண்டும் என்னும் கோரிக்கை வலுத்தது. 1949ஆம் ஆண்டு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை மாகாண அரசு அவ்வுரிமைகளைத் தன்வயப்படுத்தியது.

இவ்வரலாற்றைப் பாடலுரிமையின் வரலாறாகவே நாம் பயில்கிறோம். படியுடைமை நோக்கில் இரண்டு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, உரிமை குறித்த பூசல் நடந்த காலத்திலும், ஏற்கெனவே விற்கப்பட்ட பாரதி பாடல் தட்டுகள் வீடுகளில் ஒலிப்பதற்குத் தடையேதும் எழவில்லை. உரிமை எவரிடம் சென்றாலும் வாங்கிய தட்டு வாங்கியவருடையதே. இன்று இத்தகைய பூசல் எழுமாயின் ஒரே நாளில் எல்லாருடைய கருவியிலும் பாடல் ஓய்ந்துவிடலாம். இரண்டாவது, பாடல் பொதுவுடைமை ஆனமை அப்பாடலின் பழைய ஒலிப்பதிவுகளைக் காத்துவிடவில்லை. காத்தவர்கள் சேகரிப்பாளர்களே. உரிமை மக்களுக்கு உரியதானால் மட்டும் போதாது. படியும் எவரிடமேனும் இருத்தல் வேண்டும்.

ஒலிப்பதிவில் பாடவேறுபாடு

படி எத்தகையது என்பதை அறியாமல் செய்யும் ஆய்வு பிழைபட வாய்ப்புண்டு. மூன்று கூறுகளை இங்குக் காட்டலாம்.

முதலாவது வேகம். தொடக்ககாலத் தட்டுகள் அனைத்தும் நிமிடத்திற்கு 78 சுழற்சி என்னும் வேகத்தில் பதிவானவை அல்ல. சற்றுக் குறைந்தும் கூடியும் பதிவானவை உள. 74 சுழற்சியில் பதிவான தட்டினை 78 சுழற்சியில் ஓட்டி எண்ணிமமாக்கினால் சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை உயர்ந்துவிடும். மூன்று நிமிடம் இருபது வினாடி கொண்ட பாடல் ஏறத்தாழப் பத்து வினாடி குறையும். உயர்ந்த சுருதியில் பாடியவராகப் போற்றப்படும் ஒருவரின் சுருதியைத் தட்டைக்கொண்டு நிறுவ முற்படுபவர், எவ்வேகத்தில் ஓட்டப்பட்டது என்பதை அறியாமல் முடிவுகூற இயலாது. இணைய இசைச்சேவைகள் இவ்விவரத்தைத் தருவதில்லை. தட்டு கையில் இருப்பின் மீண்டும் ஓட்டிச் சோதிக்கலாம்.

இரண்டாவது நீளம். தட்டின் கால அளவுக்கேற்பத் திரைப்பாடல்களின் சரணங்கள் குறைக்கப்பட்டமை உண்டு. திரையில் ஒலித்த வடிவம், தட்டு வடிவம், திரையரங்குகளில் விற்ற பாட்டுப்புத்தக வடிவம் ஆகிய மூன்றும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. பாடலாசிரியர் எழுதிய சரணம் எது, பாடப்பட்டது எது, வெளியானது எது என வகுத்தறிய மூன்றும் தேவை. இசைச்சேவையோ பெரும்பாலும் ஒரு வடிவத்தை மட்டும் பாடலாக முன்னிறுத்துகிறது.

மூன்றாவது விவரக்குறிப்பு. தட்டின் நடுவிலுள்ள வட்டத்தாளில் வரிசை எண், பாடியவர், இராகம், தாளம், நாடகம் அல்லது படத்தின் பெயர் முதலியன அச்சாகியிருக்கும். ஒலிநாடாவின் உள்தாளில் பாடலாசிரியர் பெயரும் வாத்தியக் கலைஞர் பெயரும் இருப்பதுண்டு. இசைச்சேவைகளில் பாடகரும் இசையமைப்பாளரும் முன்னிற்க, பாடலாசிரியர் பெயர் விடுபடுவதையும், பழைய பாடலுக்குத் தொகுப்பு வெளியான ஆண்டே வெளியீட்டாண்டாகக் குறிக்கப்படுவதையும் பயன்படுத்துவோர் அறிவர். 1950களின் பாடல் 2000த்திற்குப் பிந்தைய ஆண்டுடன் தோன்றும்போது, கால வரிசையை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு தடுமாறுகிறது.

உடைமையின் எல்லைகள்

இவற்றால் உடைமை குறையற்றது எனக் கொள்ளலாகாது. அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். ஒலிநாடா நம் தட்பவெப்பத்தில் பூஞ்சை பிடிக்கும். தானே பதிந்த குறுந்தகடு சில ஆண்டுகளிலேயே படிக்க இயலாமற் போவதுண்டு. கருவி இல்லையேல் படி இருந்தும் பயனில்லை. தனியார் தொகுப்புகள் உடையவர் காலத்துக்குப் பின் பழைய பொருள் கடைக்குச் செல்வதும் நாம் அறிந்ததே.

அணுக்கம் என்னும் நோக்கில் இணையத்தின் பங்களிப்பு பெரிது. முன்னர் ஒரு பழம்பாடலைக் கேட்கச் சேகரிப்பாளரின் அறிமுகமும் பயணச் செலவும் தேவைப்பட்டன. இன்று சிற்றூரில் பயிலும் முதல் தலைமுறை மாணவரும் கைப்பேசியில் அதனைக் கேட்கிறார். இவ்வாய்ப்பைக் குறைத்து மதிப்பிடுவது முறையன்று. இசைச்சேவை தேடுவதற்கும் ஒப்பிட்டுக் கேட்பதற்கும் உரிய கருவி, பாதுகாப்பகம் அன்று. அதன் பணி வணிகம்; காப்பது அதன் கடமை என அது எங்கும் கூறவில்லை.

2017ஆம் ஆண்டு சரிகம வெளியிட்ட கார்வான் கருவி இங்கு நோக்கத்தக்கது. ஏறத்தாழ 5000 பாடல்களை உள்ளடக்கி இணையமின்றி இயங்கும் அக்கருவியை முதியோர் விரும்பி வாங்கினர். பாடலைத் தேர்ந்தவர் நிறுவனத்தாரே எனினும், வாங்கியபின் பாடல்கள் மறைவதில்லை என்னும் உறுதி அதற்கு உண்டு. கையில் ஒரு படி வேண்டும் என்னும் விழைவு ஆய்வாளருக்கு மட்டும் உரியதன்று என்பதை இது காட்டுகிறது.

சட்டம் தரும் இடம்

நூல்களைக் காக்க 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம் உள்ளது. வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் சென்னைக் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கு அளிக்கப்பட வேண்டும். அச்சிட்ட இசைக்குறிப்புத் தாளும் இச்சட்டத்தின் ‘நூல்’ என்னும் வரையறையுள் அடங்கும், ஒலிப்பதிவு அடங்காது. சுரதாளக் குறிப்புக்குக் கட்டாயப் படி உண்டு. அதைப் பாடிய குரலுக்கு இல்லை.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். எனவே 1964 இறுதிக்குள் வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக்காலம் 2024 இறுதியுடன் நிறைவுற்றது. பாடல் வரிகள், இசை ஆகியவற்றின் உரிமை தனியானது. ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் தொடரும். ஆய்வு உள்ளிட்ட தனிப்பயன்பாட்டிற்கான நியாயமான கையாளுகையை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2012ஆம் ஆண்டின் திருத்தம் மேலும் ஒன்றைச் சேர்த்தது: வணிக நோக்கமற்ற பொது நூலகம், ஒரு படைப்பின் எண்ணிமமல்லாத படியை ஏற்கெனவே கொண்டிருப்பின், பாதுகாப்பின்பொருட்டு அதனை மின்னணு முறையில் சேமிக்கலாம். இவ்விதி இக்கட்டுரையின் கருத்துக்கு அரண் செய்கிறது. பாதுகாக்கும் உரிமை, படியைக் கையில் வைத்திருப்பவருக்கே வழங்கப்பட்டுள்ளது. சந்தா மட்டும் வைத்திருக்கும் நூலகத்திற்கு இச்சலுகையால் பயனில்லை.

செய்யத்தக்கன

மேற்கண்டவற்றின் அடிப்படையில் சில நடைமுறைகளை முன்வைக்கலாம். முதலாவதாக, ஒலிப்பதிவைச் சான்றுகாட்டும் ஆய்வாளர் பாடலின் முதற்குறிப்பு, பாடலாசிரியர், இசையமைத்தவர், பாடியவர், வெளியீட்டு முத்திரை, வரிசை எண், வடிவம், ஒலிக்கும் நேரம், படி இருக்குமிடம் ஆகியவற்றைத் தருதல் வேண்டும். இணையத்தில் மட்டுமே கேட்டிருப்பின் சேவையின் பெயரையும் கேட்ட நாளையும் ஒலிக்கும் நேரத்தையும் குறிக்க வேண்டும். ஒலிக்கும் நேரம் ஒன்றேனும் இருந்தால், பின்வருபவர் தாம் கேட்பது அதே பதிவுதானா என்பதை ஓரளவு உய்த்துணரலாம்.

இரண்டாவதாக, ஆய்வேட்டின் முதன்மைச் சான்றாக அமையும் பதிவுகளை ஆய்வாளர் விலைக்கு வாங்கத்தக்க வடிவத்தில் பெற்று, ஆய்வேட்டுடன் துறை நூலகத்தில் ஒப்படைக்கலாம். களஆய்வில் பதிவுசெய்த ஒலிக்கோப்புகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவதாக, தமிழ்த்துறைகள் தத்தம் மாவட்டத்து மைக் செட் உரிமையாளர், பதிவுக்கூடம் நடத்தியோர், சிறு ஒலிநாடா வெளியீட்டாளர் ஆகியோரிடம் எஞ்சியுள்ளவற்றைப் பட்டியலிடுதல் உடனடித் தேவை. திரைப்பாடல்கள் எவ்வழியிலேனும் எஞ்சும். அவற்றுக்குச் சந்தை உண்டு. சந்தை மதிப்பற்ற ஊர்த்தெய்வப் பாடல்களும் கூத்துப் பதிவுகளும் இணைய இசைச்சேவைகளில் பெரும்பாலும் ஏறவே இல்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா என்னும் தனிமனிதரின் சேகரிப்பே இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆய்வு நூலகமாகியுள்ளது. அச்சு நூலுக்கு நிகழ்ந்தது ஒலிக்கும் நிகழ வேண்டும்.

முடிவுரை

இசையை உடைமையாகக் கொள்வதா, உரிமத்தால் கேட்பதா என்பது நுகர்வோருக்கு விலையும் வசதியும் பற்றிய தெரிவு. ஆய்வுலகிற்கு அது சான்றின் நிலைபேறு பற்றிய வினா. இணைய இசைச்சேவையால் கேட்கும் எல்லை விரிந்துள்ளது; காக்கும் பொறுப்போ எவருக்கும் உரியதாகாமல் நிற்கிறது. சுவடி தேடிய தலைமுறை, படிகள் பல கைகளில் இருந்தமையால் நூல்களை மீட்டது. ஒலிப்பதிவுகளை மீட்க வரும் தலைமுறைக்கு எத்தனை கைகளில் படிகள் இருக்கும் என்பது, நாம் இன்று எவற்றை வாங்கி, எவற்றைப் பட்டியலிட்டு, எங்கு ஒப்படைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.